எந்தக் கணக்கில் இது கிராமம்?



தஞ்சைக்குப் பட்டமளிப்பு உரை நிகழ்த்த வருகிறவர்கள் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "கிராமத்தை மறந்துவிடாதீர்கள்." சொல்லிவிட்டு அன்று இரவே உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குத் திரும்பிவிடுவார்கள். எனக்கும் அதே ரயிலில்தான் டிக்கெட். அதனால் அந்த அறிவுரையைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கிராமம் என்று எதைச் சொல்கிறோம், அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுகிறேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் ஊர் நகரமாவதற்கு இரண்டு வழி உண்டு. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அரசு அறிவித்துவிட்டால் அது நகரம். அறிவிக்காவிட்டாலும், குறைந்தது 5,000 பேர் இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசித்து, முதன்மையாக வேலை செய்யும் ஆண்களில் 75 சதவீதம் பேராவது விவசாயம் அல்லாத தொழில் பார்த்தால் அதுவும் நகரம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 48 சதவீதத்துக்கும் சற்று மேல் நகரவாசிகள். தஞ்சை மாவட்டத்தில் ஏறத்தாழ 35 சதவீதம்.

ஆண்களில் என்றேன், கவனித்தீர்களா? அப்பா கொத்தனார், அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறார் என்று ஒரு வீடு இருக்கிறது. அந்த ஊர் கிராமமா நகரமா என்று பார்க்கும்போது அப்பாவும் அண்ணனும் கணக்கில் வருவார்கள். அம்மா வரமாட்டார். ஊரிலுள்ள பெண்கள் எல்லோரும் சேற்றில் நின்றாலும், ஆண்கள் கரையேறிவிட்டால் அது நகரம்தான்.

அரசு அறிவித்தால் நகரம் என்ற முதல் வழியும் அத்தனை உறுதியானதல்ல. 2004இல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் பெரும்பாலானவை சிறப்பு ஊராட்சிகளாக மாற்றப்பட்டன. மத்திய அரசின் ஊரக வளர்ச்சி நிதி கிடைக்கும் என்பது காரணம். 2006இல் மறுபடியும் பேரூராட்சிகளாயின. ஊர் நகரவில்லை, பெயர்ப்பலகைதான் போய் வந்தது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் நூறு நாள் வேலை அட்டை வைத்திருந்த பெண்ணுக்கு இது சிரிப்பான விஷயம் இல்லை. அது ஊராட்சிகளுக்கு மட்டுமே என்று வந்த திட்டம். பக்கத்து மாநகராட்சியோடு ஊரைச் சேர்க்கப் போகிறார்கள் என்றதும், தமிழ்நாட்டின் பல ஊர்களில் பெண்கள் திரண்டு போய் "எங்களைச் சேர்க்காதீர்கள்" என்று ஆட்சியரிடம் மனுக் கொடுத்தார்கள். வளர்ச்சி வேண்டாம் என்கிறார்களே என்று அதைக் கேலி செய்தவர்களும் உண்டு. வரி கூடும், வேலை போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் கணக்கில் பிழையில்லை.

இனி, கிராமம் என்றால் ஒற்றுமை, நகரம் என்றால் தனிமை என்ற பேச்சுக்கு வருகிறேன். காத்லீன் கஃப் என்ற மானிடவியலாளர் 1950களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார். 1961-62இல் ஆந்த்ரே பெத்தெய் வந்தார். தான் தங்கிய ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து, சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றி அவர் 1965இல் வெளியிட்ட நூல் இன்றும் சமூகவியல் வகுப்புகளில் பாடம். இருவர் எழுத்திலும் ஊர் என்பது தெருக்களாகத்தான் பிரிந்து கிடக்கிறது: அக்ரஹாரம், குடியானத் தெரு, அதற்கப்பால் வயலைத் தாண்டிச் சேரி. யார் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அக்ரஹாரத்து மிராசுதார்கள் பலர் அதற்குள்ளாகவே படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் நகரம் போய்விட்டிருந்தார்கள் என்பதையும் இருவரும் பதிவு செய்தார்கள். ஆகக் கிராமத்தை விட்டு நகரத்துக்கு முதலில் போனவர்கள் நிலமில்லாதவர்கள் அல்ல, நிலம் வைத்திருந்தவர்கள்.

நிலமில்லாதவர்களில் பலர் போக முடியாமல் இருந்தார்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரே குடிசையில் எரிந்துபோனார்கள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர்தான் அதுவும். முகவரி கேட்காத ஒரு நகரத் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பது எப்பேர்ப்பட்ட விடுதலை என்று அந்தத் தெருக்களிலிருந்து கிளம்பிப் போனவர்களைக் கேளுங்கள். கிராமத்தின் அருமையை அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நகரமும் யோக்கியம் இல்லை என்பது வீடு தேடும்போது தெரியும். "சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்" என்ற பலகை எந்தத் தெருவைக் குறிக்கிறது என்று தஞ்சைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

உங்களில் பலர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போவீர்கள். அங்கே குழாயைத் திறந்தால் நம் ஆறுதான் வரும். புதிய வீராணம் திட்டத்தில் 2004 முதல் சென்னைக்குப் போவது, கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு வரும் காவிரித் தண்ணீர். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டிய காவிரி நீரை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைத்த 14.75 டிஎம்சியில் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. குடிக்கிற தண்ணீருக்கு நான் கணக்குப் பார்க்க மாட்டேன். ஆனால் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா என்று வானத்தையும் செய்தியையும் மாறி மாறிப் பார்க்கிறவர் உங்கள் அப்பா. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை இழுத்தது. விளைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டினால், 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருக்கக்கூடாது என்பார்கள். குறுவை அறுப்பு நேரமோ ஐப்பசி மழை. அந்த 17ஐத் தளர்த்த ஒவ்வொரு முறையும் டெல்லிக்குக் கடிதம் போக வேண்டும்.

நடவுக்கு வருவோம். "ஆள் கிடைக்கவில்லை" என்பது டெல்டாவின் நிரந்தரப் புலம்பல். சில ஆண்டுகளாக மேற்கு வங்கத்திலிருந்து ஆண்கள் குழுக்களாக வந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நாற்றுப் பறித்து நட்டுவிட்டுப் போகிறார்கள். இங்கிருந்து பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள், வங்கத்திலிருந்து ஆண்கள் நம் வயலுக்கு வருகிறார்கள். இரண்டு பயணமும் ஒரே காரணத்துக்காக நடப்பவைதான், கூலிக்காக. அறுப்பை மிஷின் எடுத்துக்கொண்டது. மீதியிருந்த நடவும் கைமாறுகிறது. தலைமுறை தலைமுறையாக நட்ட நம் பெண்களுக்கு வருடத்தில் எத்தனை நாள் வேலை மிச்சம் என்று ஆள் கிடைக்கவில்லை என்பவர்கள் யாரும் சொல்வதில்லை. கணக்கெடுப்பு விதிப்படி வருடத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளரும் இல்லை. நடவுக்கும் களைக்கும் போகிற பெண்ணுக்கு அந்த ஆறு மாதம் தேறுவது கடினம். போதாக்குறைக்கு, கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கும்போது வீட்டு ஆண் "அவ வீட்லதான் இருக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

2027 பிப்ரவரி மாதம் நாட்டின் பெரும்பகுதியில் கணக்கெடுப்புக்காக ஆட்களை எண்ணுகிறார்கள். நீங்கள் அப்போது எந்த ஊரில் இருந்தாலும் சரி, வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள். அம்மா நாற்றுப் பறித்தது, நட்டது, களையெடுத்தது, மாடு பார்த்தது என்று நாள் நாளாகச் சொல்லச் சொல்லுங்கள். அம்மாவே வாசலுக்கு வந்து தன் வாயால் சொல்லட்டும். நீங்கள் வாங்கப் போகும் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் கட்டிய வேலை, "வேலை இல்லை" என்று எழுதப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.