தறிக்கு ஒரு ரூம்

திருவண்ணாமலை மாவட்டம், செய்யாற்றங்கரையில் இருக்கிற கலசப்பாக்கம். பட்டு நெசவு வட்டாரம். அங்கே தெரிந்த நெசவாளர் ஒருவர் புது வீடு கட்டக் கிளம்பினார். மேஸ்திரி பிளான் நீட்டினார். ஹால், ரெண்டு பெட்ரூம், கிச்சன், பூஜை ரூம். எல்லாம் இருந்தது. வீட்டுக்காரம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "தறி எங்கேண்ணா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

குழித்தறி என்றால் தரையில் பள்ளம் வேண்டும். நெய்கிறவர் தரையோடு உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். மண்குழியின் ஈரப்பதத்தில் பட்டு இழை அவ்வளவாக அறாது. டைல்ஸ் போட்டபிறகு குழி தோண்ட முடியுமா? தறிக்கு மேலே, டிசைன் போடுகிற ஜக்கார்டு பெட்டி ஏறும். கூரை தாழ்ந்தால் தலைவலி. ஜரிகையும் பட்டு நிறமும் கண்ணுக்குத் தெரிய ஜன்னல் நெசவாளருக்குப் பக்கவாட்டில் வரவேண்டும். முதுகுக்குப் பின்னால் வந்தால் அவர் நிழலே புடவைமேல் விழும்.

அடுப்படியிலிருந்து தறி தெரியவும் வேண்டும். சாம்பாரைக் கிளறிக்கொண்டே, அறுந்த இழையை முடிய ஓடிவருகிற வீடு அது. ஆனால் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டுக்கு ஆகாது. அதனால் நடுவில் ஒரு தாழ்வாரம் விட்டார்கள்.

பாவு ஓட்ட, அதாவது நீளவாட்டு இழைகளை இழுத்துக் கட்ட மட்டும் எந்தப் பிளானிலும் இடம் கிடைக்காது. அதற்குத் தெரு இருக்கிறது, விடிகாலையில்!

கடைசியில் தறிக்காக ஒரு பெட்ரூம் போயிற்று. பையன்தான் முறைத்தான். இப்போது தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்துத் தூங்குகிறானாம்.