அண்டை நாட்டின்மேல் வல்லாளன் கண்



தன் நாடு முழுவதையும் காலடியில் வைத்திருக்கும் ஒரு வல்லாட்சியாளன், அடுத்த நாட்டின்மேலும் ஏன் படையெடுக்கிறான்? மண்வேட்கை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். அவ்விடை போதாது. ஈராக்கின் சதாம் உசேன் 1990-ஆம் ஆண்டில் குவைத்தைக் கவர்ந்த வரலாறு, இவ் வினாவுக்கு உண்மையான விடையைக் காட்டும்.

1979-இல் ஆட்சித் தலைமையேற்ற அவர், மறு ஆண்டே ஈரான்மேல் போர் தொடுத்தார். எட்டாண்டுகள் குருதி பெருகிற்று. எல்லையோ பழைய இடத்திலேயே நின்றது. 1988-இல் போர் ஓய்ந்தபோது கருவூலம் வெறுமையாய்க் கிடந்தது. குவைத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1,400 கோடி தாலர் கடன்! அதைத் தள்ளிவிடுமாறு கேட்டார்; குவைத்து இசையவில்லை. எண்ணெய் விலையும் சரிந்தது.

இந்நிலையில், மக்களுக்கு விடையிறுக்கும் ஆட்சி என்ன செய்திருக்கும்? தவற்றை ஒப்பியிருக்கும், அன்றேல் பொறுப்பைத் துறந்திருக்கும். வல்லாட்சியாளனுக்கோ இவ்விரு வழியும் இல்லை. தோல்வியை ஒப்புக்கொள்ளும் நாளே அவன் வீழும் நாள். எனவே, கடன் கொடுத்த நாட்டையே பகை நாடாக்கினார் சதாம். குவைத்து அளவு மீறி எண்ணெய் எடுத்து விலையைக் கெடுக்கிறது என்றார். எல்லையிலுள்ள உருமைலா எண்ணெய் வயலில் திருடுகிறது என்றார். குவைத்து தன் பங்களவை மீறியது மெய்யே. ஆயின், விலைப் பூசலுக்காக ஒரு நாட்டையே விழுங்குவதா? 1990 ஆகசுட்டு 2-ஆம் நாள் விடியுமுன் படைகள் புகுந்தன.

அதன்பின் கூறிய கரணியங்களைப் பாருங்கள்! முதலில், குவைத்துப் புரட்சியாளர் அழைத்தனர் என்றார்கள். ஆகசுட்டு 28-இல், அது ஈராக்கின் 19-ஆம் மாநிலம் என்றார்கள். உதுமானியர் காலத்தில் அது பாசுராவைச் சேர்ந்திருந்தது என்றார்கள். குவைத்தின் தன்னாட்சியை 1963-இல் ஈராக்கே ஏற்றுக்கொண்டதை மட்டும் மறைத்தார்கள்.

அரபு இன ஒற்றுமையும் அவருக்குப் போர்வையாயிற்று. மொழியுணர்வும் இனவுணர்வும் போற்றும் நாம் இதை ஊன்றி நோக்கவேண்டும். 1988 மார்ச்சுத் திங்களில், தம் எல்லைக்குள்ளேயே வாழ்ந்த குருது மக்களின் அலப்சா ஊர்மேல் நச்சுவளி வீசி, ஏறத்தாழ 5,000 பேரைக் கொன்றது அவருடைய ஆட்சி. பிற மொழியினத்தின் உயிரையும் உரிமையையும் மதியாதவன், தன் மொழியினத்தின் பேரால் பேசுவது பற்றன்று, பறிப்பு! உண்மையான மொழிப்பற்று தன் வீட்டைக் காக்கும். அடுத்தவன் வீட்டுக் கதவை உடைக்காது.

முடிவு என்ன? 1991 பிப்பிரவரியில், அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை ஈராக்குப் படையை விரட்டியது. பின்வாங்கியோர் 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்துச் சென்றனர். 1,400 கோடிக் கடனைத் தீர்க்க வழியின்றிப் போருக்குப் புறப்பட்டார் சதாம். அப் போருக்காக விதிக்கப்பட்ட இழப்பீடோ 5,240 கோடி தாலர்! அவர் 2003-இல் ஆட்சியிழந்து, 2006-இல் தூக்கிலிடப்பட்டார். இழப்பீடு அவரோடு போகவில்லை. ஈராக்கு மக்கள் தம் எண்ணெய் விற்ற பணத்தில் 2022 வரை அதைக் கட்டித் தீர்த்தனர். சதாமின் ஆட்சியைக் கண்ணாலும் காணாத பிள்ளைகளின் சோற்றிலும் அக் கடன் கைவைத்தது.

எனவே உடன்பிறந்தோரே, வல்லாளன் அண்டை நாட்டின்மேல் பாய்வது வலிமையால் அன்று. தன் மக்களுக்கு விடைகூற அஞ்சுவதால். எந் நாட்டில் குடிமகன் 'ஏன்?' என்று வினவ இயலாதோ, அந் நாட்டின் அண்டையிலிருப்போர் அமைதியாய் உறங்க இயலாது. அவ் வினாவை உரக்கக் கேட்கும் நாவே நாட்டுக்கு அரண். அண்டை நாட்டுக்கும் அதுவே அரண்.