பாட்டின் நடை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் நீங்கள் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசச் சொல்வார் என்று நினைத்தேன். "உங்களுக்கு விருப்பமானதைப் பேசுங்கள்" என்றார். அதனால் பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் சங்கீதம் படித்தவள் அல்ல. பாடசாலைப் பாடகர் குழுவில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றவள் என்பது என் வகுப்புத் தோழிகளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பாட்டு மனிதருக்கு என்ன செய்கிறது என்பதை வைத்தியசாலையில் கண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. நமது பாடசாலைக் கீதத்தின் நான்காவது வரியை, இராகம் இல்லாமல், மனதுக்குள் சொல்லிப் பாருங்கள்.

பெரும்பாலானோர் முதல் வரியிலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் நான்காவது வரியைப் பிடித்திருப்பீர்கள். முன்வரிசை அக்காமார் சிலரின் கால் தாளம் போட்டதையும் இங்கிருந்து பார்த்தேன். சிலர் முப்பது, நாற்பது வருடங்களாகப் பாடாத பாட்டு அது. ஏழாம் வாய்ப்பாட்டையும் இப்படித்தான் வைத்திருக்கிறோம். இடையில் ஒன்றைக் கேட்டால் திணறுவோம். தொடக்கத்திலிருந்து விட்டால் ஓர் அடி அடுத்த அடியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடும்.

இதற்குத் தமிழில் நல்லதொரு சொல் இருக்கிறது: நடை. கால் நடப்பதும் நடை, தாளம் ஓடுவதும் நடை. திஸ்ர நடை என்றால் ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரியும். சதுஸ்ர நடையில் நான்காக, கண்ட நடையில் ஐந்தாகப் பிரியும். இன்றைய நரம்பியலும் இதற்குக் கிட்ட வந்து நிற்கிறது. தாளமுள்ள ஒலியைக் கேட்கும்போது, நாம் கதிரையில் அசையாமல் இருந்தாலும், உடலை அசைக்கும் மூளைப் பகுதிகள் வேலை செய்யத் தொடங்குகின்றன. அடுத்த தட்டு எப்போது விழும் என்று மனம் முன்கூட்டியே காத்திருக்கிறது. 2009 இல் ஹங்கேரி, நெதர்லாந்து ஆய்வாளர்கள் பிறந்து இரண்டு மூன்று நாளேயான குழந்தைகளுக்கு, அவர்கள் உறங்கும் நேரத்தில், மேளத் தாளம் ஒன்றைக் கேட்கவைத்தார்கள். இருக்க வேண்டிய முதல் தட்டு விடுபட்டபோதெல்லாம் குழந்தைகளின் மூளை அலைகள் மாறின. பேச்சு வருமுன்னமே மனம் தாளத்துக்குக் காத்திருக்கப் பழகிவிடுகிறது.

பார்க்கின்சன் நோயுள்ளவரின் கால் சில வேளைகளில் நிலத்தில் ஒட்டியதுபோல நின்றுவிடும். பக்கத்தில் ஒருவர் ஒரே சீராகக் கைதட்டினால் பலருக்கு அந்தக் கால் எழும்பும். தாளத்தோடு நடக்கப் பழக்குவதை இயன்மருத்துவத்தில் ஒரு முறையாகவே கையாளுகிறார்கள்.

இதையெல்லாம் நான் மருத்துவ பீடத்தில் படித்தேன். ஆனால் பாடம் நடந்தது அதற்கு வெகு முன்னால், எங்கள் வீட்டில்.

நான் யட்டவத்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்தில் பிறந்து, பஸ் ஏறி இந்தப் பாடசாலைக்கு வந்தவள். என் அம்மாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் வேளைக்கொரு பாட்டுத் தெரியும். அவர் தாலாட்டில் ஏணை போய்த் திரும்ப எடுக்கும் நேரம்தான் ஒரு வரி. சொல் போதாவிட்டால் எழுத்தை இழுத்து நிரப்புவார். சொல் கூடினால் விழுங்கிவிடுவார். கும்மிப் பாட்டை அளப்பது கைதட்டு. ஒப்பாரியை அளப்பது மூச்சு. வரி ஒரே மூச்சில் இறங்கி விம்மலில் போய் முடியும். தப்புக்கும் அப்படித்தான். திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. முன்பு பெரட்டுக்குக் கூப்பிடவும் தப்புத்தான். காம்பராவுக்குள் இருந்தபடியே வெளியில் என்ன நடக்கிறதென்று அடியைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

தாளம் நிலையாக இருப்பதால் சொல்லை மாற்றலாம். தாலாட்டில் பிள்ளையின் பெயருக்கும் மாமன் பெயருக்கும் இடம் விட்டிருக்கும். வீட்டுக்கு வீடு பெயர் மாறும், பாட்டு மாறாது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் இதை அறிந்திருந்தார். தோட்டத் தொழிலாளரின் நிலையை மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் பாட்டாக்கி, கூட்டங்களில் அவரே பாடினார். 1940 இல் அவற்றைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் மெட்டுத் தெரியும். அரசியல் அந்த மெட்டில் ஏறி லயங்களுக்குப் போனது.

இனி, எனக்குச் சொல்லக் கஷ்டமான ஒன்று.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது தோழிகள் சிலர் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாயி, மாமாவின் பிள்ளையை ஏணையில் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அம்மாயி, கொஞ்சம் பேசாம இருங்க" என்றேன். அவர் நிறுத்தினார். பிறகு என் முன்னால் பாடவே இல்லை. அந்தத் தோழிகள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றும் நினைக்கவில்லை, நினைத்தவள் நான்தான்.

நான் மருத்துவ பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கையில் அம்மாயிக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. "இல்ல" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. பசிக்கிறதா என்றாலும் "இல்ல", வலிக்கிறதா என்றாலும் "இல்ல". எட்டு மாதம் அப்படியே இருந்தார். அவருக்கு அமைதி வேண்டுமென்று வானொலியைக்கூடப் போடாமல் வீட்டை வைத்திருந்தோம். அந்த அமைதியிலேயே போய்விட்டார்.

சில வருடங்களுக்குப் பின், நான் வைத்தியராகி விடுதியொன்றில் வேலை செய்தபோது, அதே நோயோடு ஒரு வயதான அம்மா வந்தார். அவருக்கு மிஞ்சியிருந்த சொல் "ஆமா". ஒருநாள் அவருடைய மகள், "ராத்திரியில அம்மா என்னமோ முனகுறாங்க டாக்டர், பாட்டு மாதிரி இருக்கு" என்றார். "நீங்கள் ஒருமுறை பாடுங்கள்" என்றேன். மகள் வெட்கப்பட்டுக்கொண்டு, தாயின் இடக்கையைப் பிடித்துத் தட்டித் தட்டிக் கும்மிப் பாட்டொன்றைத் தொடங்கினார். இரண்டாவது வரியில் அந்த அம்மா சேர்ந்துகொண்டார், முழுச் சொற்களோடு. நான் நோயாளர் குறிப்பேட்டை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

வைத்தியர் என்ற முறையில் அளவாகவே சொல்ல வேண்டும். பாட்டு வந்துவிட்டதால் பேச்சு வந்துவிடாது. பேச்சைத் தொடுத்து வெளியே கொண்டுவரும் பகுதி பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பக்கம் இருக்கிறது; நெடுநாள் பழகிய பாட்டோ இருபக்கமும் பரந்து கிடக்கிறது. அதனால் ஒன்று சிதைந்தாலும் மற்றது தப்பலாம். இதைப் பயன்படுத்தி, இடக்கையால் தட்டிக்கொண்டு சிறு வாக்கியங்களை இசைத்துச் சொல்லப் பழக்கும் சிகிச்சையை 1973 இல் பொஸ்டன் நகர ஆய்வாளர்கள் எழுதி வெளியிட்டார்கள். 2011 இல் ஜெர்மனியில் செய்த ஆய்வொன்று, இத்தகைய நோயாளருக்குச் சொல் வர உதவுவதில் இராகத்தைவிடத் தாளத்துக்கும் பழகிய சொற்றொடருக்கும்தான் பெரிய பங்கு என்று காட்டியது. எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை; பேச்சுச் சிகிச்சையாளரோடு பல வாரங்கள் பாடுபட வேண்டும். ஆனாலும், பேச்சை இழந்தவரின் பக்கத்தில் அவர் அறிந்த பாட்டைப் பாடுவதற்கு வைத்தியரின் சீட்டுத் தேவையில்லை. அம்மாயியின் கட்டிலருகே நான் அதைச் செய்யவில்லை.

நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தவர்கள். அதன் நினைவாக 2023 ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. அன்று வீதியோரம் நின்றபோது, அந்தக் காலத்தில் என்ன பாடி நடந்திருப்பார்கள் என்று யோசித்தேன். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் சேர்த்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நம்மிடம் இருக்கிறது. அது பெருஞ் செல்வம். ஆனால் அச்சில் சொல் வருமே தவிர, அடி எந்த வேகத்தில் விழுந்தது, எந்த எழுத்தை எவ்வளவு இழுத்தார்கள் என்பது வராது.

அம்மாயியின் தாலாட்டில் எனக்கு இரண்டு வரிதான் ஞாபகம் இருந்தது. போன வருடம் யட்டவத்தவுக்குப் போய், பக்கத்துக் காம்பராவில் இருந்த பாட்டியிடம் கேட்டேன். அவருக்கு எண்பது கடந்துவிட்டது. யோசித்து யோசித்துப் பார்த்தார், வரவில்லை. "சும்மா சொல்லச் சொன்னா வராது புள்ள. ஏணைய ஆட்டணும்" என்றார். வீட்டில் கைக்குழந்தை இல்லை. பழைய சேலையொன்றைக் கட்டி, அதற்குள் தலையணையை வைத்துக் கொடுத்தோம். நாலு தரம் ஆட்டினார். ஐந்தாவது ஆட்டில் பாட்டு வந்தது, முதலிலிருந்து கடைசிவரை. பெயர் வரும் இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் மகளின் பெயரைச் சொன்னேன். நிற்காமல் அதையும் சேர்த்துப் பாடினார். அது என் தொலைபேசியில் இருக்கிறது. மகள் இரவில் அதைப் போட்டுக் கேட்கிறாள்.

சங்கத்திடமும் இந்த மலரை வாசிக்கப்போகும் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கொழும்பில், கனடாவில், லண்டனில், எங்கே இருந்தாலும், உங்கள் அம்மாவிடம், அப்பாயியிடம், உம்மம்மாவிடம் ஒரு பாட்டைக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். எழுதித் தரச் சொல்லாதீர்கள். கையில் சுளகைக் கொடுங்கள், ஏணையைக் கொடுங்கள், அல்லது நீங்களே கைதட்டுங்கள். அவர்கள் தொடங்கும்வரை காத்திருங்கள். சங்கம் அவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைக்கட்டும்.

பாடிக்கொண்டிருப்பவரை யாராவது நிறுத்தச் சொன்னால், தயவுசெய்து "பாடட்டும்" என்று சொல்லுங்கள்.