விதையைத் தேர்வதில் உழைப்பவனுக்கும் பங்கு வேண்டும்

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் ஜில்லாவில் நாந்தேட் என்று ஒரு சிறு கிராமம். அங்கே தாதாஜி கோப்ரகடே என்ற ஏழை விவசாயிக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர் நிலம். 1983-ல் தமது 'பட்டேல் 3' நெல் வயலில் நிறம் மாறிய சில கதிர்களை அவர் கண்டார். அவற்றைத் தனியே எடுத்து வைத்தார். போகத்துக்குப் போகம் விதைத்து, பொறுக்கி, பெருக்கினார். சன்ன அரிசி, நல்ல விளைச்சல். அந்நாளில் பேர் பெற்ற கைக்கடிகாரத்தின் பெயரே அதற்கு வந்தது: எச்.எம்.டி. நெல்!

1994-ல் விவசாயப் பல்கலைக்கழகம் அவரிடம் விதை வாங்கிப் போயிற்று. 1998-ல் அதைச் சுத்தம் செய்து, 'பி.கே.வி. எச்.எம்.டி.' என்று தன் ரகமாக வெளியிட்டது. தமக்குரிய மதிப்புத் தரப்படவில்லை என்பது கோப்ரகடேயின் குறை. விருதுகள் வந்தன, வறுமை போகவில்லை. 2018 ஜூனில் அவர் காலமானார்.

தோழர்களே! விஞ்ஞானம் வேண்டாம் என்றா நாம் சொல்கிறோம்? ஒருக்காலும் இல்லை. இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்க்க விஞ்ஞானி வேண்டும். ஆனால் அந்த ஒட்டிலிருந்து பலவகைச் செடிகள் பிரிந்து வருமே, அவற்றில் எது நல்லது என்று யார் சொல்வது? உரமும் தண்ணீரும் குறையாத பண்ணையில் ஜெயித்த நெல், மானாவாரி மேட்டில் காய்ந்து போகிறது. காற்றில் சாய்வது எது, அறுக்கையில் மணி உதிர்வது எது, மாட்டுக்கு வைக்கோல் தருவது எது? நடவு நட்டு அறுக்கும் பெண்ணுக்குத் தெரியும். எந்தப் பஞ்சில் நூல் அடிக்கடி அறுகிறது என்பது மில்லில் நிற்கும் தொழிலாளிக்குத் தெரியும்.

இது வெறும் ஆசையல்ல. ஜார்க்கண்டில் பிர்சா விவசாயப் பல்கலைக்கழகத்தார் 'கலிங்கா 3', 'ஐ.ஆர். 64' ஆகிய இரண்டையும் ஒட்டுச் சேர்த்தார்கள். மேட்டு நில ஏழை விவசாயிகளும் தேர்வில் கலந்துகொண்டார்கள். மழை நிற்குமுன் விளைந்துவிடும் 'அசோகா' நெல் ரகங்கள் அப்படிப் பிறந்தவையே.

2001-ம் வருஷச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, வணிக முத்திரையின்றி விற்க விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையை ஏட்டில் உறங்கவிடலாமா?

நாம் கேட்பது இவை: பரிசோதனை ஏழையின் வயலிலும் நடக்கட்டும். தேர்வுக் குழுவில் விவசாயத் தொழிலாளியும் பெண்களும் இருக்கட்டும். ஒரு நாள் கூலி இழந்து எவரும் வர முடியாது; ஆகவே அந்த நாளுக்குக் கூலி கொடு! ரகம் வெளிவரும்போது கண்டெடுத்தவர் பெயரும் வெளிவரட்டும். வருமானத்தில் பங்கும் வரட்டும்.

கிராமந்தோறும் சங்கத்தில் இதைப் பேசுங்கள், தோழர்களே! விதை கைவிட்டுப் போனால் விளைச்சலும் நம் கையில் நிற்காது.