உத்தமதானபுரத்துத் தெரு



பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம், டாக்டர் உ.வே.சாமிநாதையரின் முன்னோர் வாழ்ந்த ஊர். தஞ்சை மன்னர் ஒருவர் அங்கே 48 வீடுகள் கட்டி, இரு வீட்டுக்கு ஒன்றாக 24 கிணறுகளும் வெட்டி, அந்தணர்க்குத் தானமாக வழங்கினார் என்பது செவிவழிச் செய்தி. 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'என் சரித்திர'த்தின் தொடக்கத்தில் ஐயர் அதனைப் பதிவு செய்கிறார்.

1855இல் பிறந்த அவர், முதுமையில் தம் ஊரின் அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் ஒப்பிடுகிறார். சாலையும் இரயிலும் இல்லாத நாளில் அமைதியும் மனநிறைவும் இருந்தன. வசதிகள் பெருகியபின் அவை குன்றின என வருந்துகிறார்.

ஈண்டு ஒன்று எண்ணத்தக்கது. இரு குடும்பங்களை நாள்தோறும் இணைத்த அக்கிரகாரத்துக் கிணறு, பிறர் அணுக இயலாத கிணறாகவும் இருந்தது. ஆதலின் தெருவின் மாற்றம் முற்றும் இழப்பன்று. முற்றும் ஆக்கமும் அன்று.

ஐயரின் இல்லம் இன்று நினைவில்லமாகக் காக்கப்படுகிறது. அத்தெருவின் பழைய வாழ்வோ அவர் எழுத்தில்தான் எஞ்சியுள்ளது. எழுதுவார் இன்றி மறைந்த தெருக்கள் எத்தனை! கிணற்றுக்கு அப்பால் நிறுத்தப்பட்டோரின் தெருக்கள் எத்தனை! முதியோர் வாய்மொழி மறையுமுன் அவற்றைக் கேட்டு எழுதிவைத்தல், பத்தாண்டு கண்ட இவ்விலக்கிய வட்டத்தின் அடுத்த பணியாகட்டும்.