ஓடு போர்த்தவையும் செதில் போர்த்தவையும்



ஜொகூர் மாநிலத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியனாகப் பணியாற்றி வருகிறேன். பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் வட்டாரத்தில் குடியிருக்கும் என் தமக்கையார் வீட்டிற்கு வருவது வழக்கம். அங்குள்ள கடற்கரைப் பூங்காவில் மாலை வேளையில் நின்று பார்த்தால், நீருக்கு அப்பால் பச்சைப் பசேலென்று ஒரு தீவு தெரியும். அதுதான் புலாவ் உபின். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கும் அந்தத் தீவுக்கும் தொடர்பு உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில், நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் வகுப்பில் விலங்குகளின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவற்றுள் ஆர்மடில்லோ என்னும் விலங்கின் படமும் இருந்தது. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இது நம்ம தோட்டத்துல இருக்கிற எறும்புத்தின்னிதானே?" என்று கேட்டான். நான் சற்றும் யோசிக்காமல், "ஆமாம், அதுதான்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த விடுமுறையில் இதை என் தமக்கை மகளிடம் சொன்னபோது, "இல்லை மாமா, அது வேறு, இது வேறு" என்று அவள் சிரித்தாள். அன்றிரவு நூல்களைப் புரட்டிய பிறகே என் அறியாமை எனக்குப் புரிந்தது.

ஆர்மடில்லோ அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய விலங்கு. ஸ்பானிய மொழியில் இப்பெயருக்குச் சிறிய கவசதாரி என்று பொருள். இன்று இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வகை நிலம். அமேசான் காடுகளிலும் அவற்றை அடுத்த புல்வெளிகளிலும் வாழும் பெரிய ஆர்மடில்லோ 30 கிலோ எடையையும் தாண்டும். கரையான் புற்றை உடைக்க அதன் முன்காலில் அரிவாள் போன்ற நகம் உண்டு. அர்ஜென்டினாவின் நடுப்பகுதியிலுள்ள மணற்பாங்கான வறண்ட வெளியில் வாழும் இளஞ்சிவப்பு ஆர்மடில்லோவோ நம் உள்ளங்கையில் அடங்கிவிடும். மணலுக்குள்ளேயே அதன் வாழ்நாள் பெரும்பாலும் கழிகிறது.

ஒன்பது பட்டை ஆர்மடில்லோ அர்ஜென்டினாவின் வடபகுதி முதல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் வரை பரவியிருக்கிறது. சிற்றோடை குறுக்கிட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு அடித்தரையில் நடந்தே கடந்துவிடும். இது பெரும்பாலும் ஓர் ஈற்றில் நான்கு குட்டிகள் ஈனும். அந்த நான்கும் ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்தவை. ஆகவே நான்கும் ஆணாகவோ நான்கும் பெண்ணாகவோ இருக்கும். தொழுநோய்க் கிருமி இதன் உடலில் வளரும் என்பதால், அந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்கும் இது உதவியிருக்கிறது. மூன்று பட்டை ஆர்மடில்லோதான் உடலை முழுப் பந்தாகச் சுருட்டிக்கொள்ள வல்லது. 2014ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்த உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின் சின்னமாக விளங்கியது இதுவே.

இனி நம் எறும்புத்தின்னிக்கு வருவோம். தமிழில் இதற்கு அழுங்கு என்றும் பெயருண்டு. மலாய்க்காரர்கள் தெங்கிலிங் என்பார்கள். ஆங்கிலப் பெயரான பாங்கோலின் என்பதும், சுருண்டுகொள்வது என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லிலிருந்து பிறந்ததே. உலகில் எட்டு இனங்கள் உள்ளன: ஆசியாவில் நான்கு, ஆப்பிரிக்காவில் நான்கு. தமிழகத்திலும் இலங்கையிலும் வாழ்வது இந்திய அழுங்கு. நம் வட்டாரத்தில் வாழ்வது சுந்தா எறும்புத்தின்னி.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஆர்மடில்லோவின் ஓடு எலும்புத் தகடுகளால் ஆனது. எறும்புத்தின்னியின் செதிலோ நம் விரல் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆனது. ஆர்மடில்லோவுக்குச் சிறு பற்கள் உண்டு. எறும்புத்தின்னிக்குப் பற்களே இல்லை. நீண்ட, பசை நிறைந்த நாக்கால் எறும்பையும் கரையானையும் வழித்து விழுங்கும். உடன் விழுங்கும் சிறு கற்களே வயிற்றில் அரைவைக் கற்களாகப் பயன்படுகின்றன. ஓர் எறும்புத்தின்னி ஆண்டொன்றுக்கு 7 கோடிப் பூச்சிகள் வரை உண்ணும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

உறவுமுறையிலும் இவை எட்டாத தொலைவில் இருக்கின்றன. ஆர்மடில்லோவுக்கு மரத்தில் தொங்கும் ஸ்லாத் என்னும் அமெரிக்க விலங்கு உறவு. எறும்புத்தின்னிக்கோ பூனை, நாய் முதலிய ஊனுண்ணிகளே நெருங்கிய உறவு. பிறகு ஏன் இந்த ஒற்றுமை? மண்ணைத் தோண்டி எறும்பு தின்னவும், பகைவரிடமிருந்து தப்பவும், வெவ்வேறு கண்டங்களில் இயற்கை தனித்தனியே கண்ட வழி ஒன்றுபோல் அமைந்துவிட்டது. அவ்வளவுதான்.

நேயர்களே! சுருண்டுகொள்ளும் உபாயம் புலியிடம் செல்லும், மனிதனிடம் செல்லாது. நான் சிறுவனாக இருந்தபோது, விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனவர்கள் ஓர் எறும்புத்தின்னியைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார்கள். லயத்து வாசலில் கொட்டினார்கள். அது ஓடவில்லை, கடிக்கவில்லை; தேங்காய் போல் உருண்டு கிடந்தது. அன்று மாலையே அது கறியாயிற்று. அதன் செதில் ஒன்றைக் காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க என் இடுப்புக் கயிற்றில் கட்டினார்கள். நானும் பெருமையோடு அணிந்து திரிந்தேன். அதே சாக்கு வழக்கத்தை இன்று கள்ளக் கடத்தல்காரர்கள் கப்பல் அளவில் செய்கிறார்கள்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்த 12.9 டன் செதில்களைச் சிங்கப்பூர் அதிகாரிகள் பாசிர் பாஞ்சாங்கில் பிடித்தார்கள். ஏறத்தாழ 17,000 விலங்குகளின் செதில்கள் அவை. ஒரு வாரத்திற்குள் மேலும் 12.7 டன் பிடிபட்டது. செதிலில் மருந்துச் சத்து இருக்கிறது என்னும் நம்பிக்கையே இதற்குக் காரணம். நகத்தைக் கடித்துத் தின்றால் நோய் தீருமா என்று எண்ணிப் பாருங்கள். எட்டு இனங்களிலும் அனைத்துலக வாணிபத்தைத் தடுக்க 2016இல் நாடுகள் முடிவு செய்தன. சீனாவும் 2020இல் தன் அதிகாரபூர்வ மருந்து நூலிலிருந்து இச்செதிலை நீக்கியது.

சிங்கப்பூரில் இவ்விலங்குக்கு வேட்டையைவிடச் சாலையே பெரிய ஆபத்து. இரவில் சாலையைக் கடக்கும்போது வண்டி வந்தால், பழைய பழக்கப்படி அங்கேயே சுருண்டுகொண்டால் அதன் கதி என்ன? 1986இல் அமைந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரு கூறாக்கியது. அவ்விரண்டையும் இணைக்க, மரஞ்செடிகள் நட்ட மேம்பாலம் ஒன்று 2013இல் விலங்குகளுக்கென்றே கட்டப்பட்டது. எறும்புத்தின்னிகளும் அதைப் பயன்படுத்துவதைக் கண்காணிப்புப் படக்கருவிகள் காட்டின. புலாவ் உபின் தீவிலும் அவை வாழ்கின்றன. பாசிர் ரிஸ் கடற்கரையில் நான் அந்தத் தீவை நெடுநேரம் பார்த்து நிற்பது இதனால்தான்.

நாம் செய்யக்கூடியது என்ன? வழிதவறி வந்த எறும்புத்தின்னியைக் கண்டால் தொடாதீர்கள், துரத்தாதீர்கள், நாயை விலக்கிப் பிடியுங்கள். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்திற்கும், மலேசியாவில் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்கும் தெரிவியுங்கள். செதிலை விலைக்கு வாங்காதீர்கள். இரு நாடுகளிலும் இவ்விலங்கு சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது.

விடுமுறை முடிந்ததும் அந்த மாணவனிடம், "தம்பி, அன்று நான் சொன்னது தவறு" என்று சொன்னேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்ப நம்ம எறும்புத்தின்னி அமெரிக்காவுல இல்லையா ஐயா?" என்றான். "இல்லையப்பா, இங்கே அழிந்தால் அங்கே போய்த் தேட முடியாது" என்றேன். அந்த வாரமே தன் தம்பியின் இடுப்பிலிருந்த செதிலைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். அந்தச் செதிலை வகுப்பில் காட்டித்தான் இப்போது நான் இப்பாடத்தைத் தொடங்குகிறேன்.