இரண்டு பெயர்களோடு வாழும் விசுவாசம்

(சிதம்பரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிறிஸ்தவ அழைப்பை அன்றாட வாழ்வில் எப்படி வாழ்வது என்று பேசச் சொன்னீர்கள். ஜெபம், அன்பு, சாட்சி என்று திருச்சபை பதில் சொல்லும். நம் கடலூர் மாவட்டச் சேரிகளிலோ இந்தக் கேள்வி சாதிச் சான்றிதழில்தான் தொடங்குகிறது.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை அம்மா கூப்பிடுவார். தாலுகா அலுவலகத்தில் வேறு பெயர். ஏன் இந்த இரட்டை வாழ்க்கை? 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்திதான் காரணம். இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்கு இல்லை. சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி. தன்னைக் கிறிஸ்தவர் என்று வெளிப்படையாகச் சொல்லும் தலித் அதில் போட்டியிட முடியாது.

புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே பட்டியல் சாதிச் சலுகை கேட்பது அரசமைப்பின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. பொய் சொல்லும் நிலைக்கு மக்களைத் தள்ளிய ஆணைக்கு என்ன பெயர் வைப்பது?

இந்த ஊர் நந்தனின் ஊர். தீயில் இறங்கிய பிறகே அவர் உள்ளே போக முடிந்தது என்கிறது புராணம். உன் விசுவாசத்தை எரித்துவிட்டு வா, உரிமை தருகிறேன் என்கிறது சட்டம்.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பதே அரசின் வாதம். அதைப் பொய்யாக்கும் சான்று திருச்சபைக்குள்ளேயே கிடக்கிறது. புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது வன்னியக் கத்தோலிக்கர்களோடு மோதலாக வெடித்தது; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. ஒரே பலிபீடத்தில் அப்பம் வாங்கியவர்கள்தான் இரு தரப்பும்.

வேறு வழியும் இந்த மண்ணில் காட்டப்பட்டிருக்கிறது. சாதியைச் சமூக வழக்கம் என்று சகித்துக்கொண்டது லைப்சிக் மிஷன். அதை ஏற்காமல் வெளியேறிய கார்ல் ஓக்ஸ், 1860களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற நிலையத்தைத் தொடங்கினார். பிறகு டேனிஷ் மிஷனோடு இணைந்தார். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வேரில் முளைத்ததுதான். சாதி அவருக்கு வெறும் வழக்கமாகப் படவில்லை. விசுவாசத்தையே மறுப்பதாகப் பட்டது.

மூன்றாம் பத்தியை நீக்கக் கோரி ஆகஸ்ட் 10ஐத் திருச்சபைகள் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன. நல்லது, நாமும் நிற்போம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் இதே கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. ஆனால் ஆகஸ்ட் 11 அன்று என்ன செய்கிறோம்? கல்லறையில் சாதிக்கொரு பகுதி, தேர் வராத தெரு, சாதி பார்த்து வரன் தேடும் கிறிஸ்தவ வீடு – இவற்றில் ஒன்றையாவது தொடுகிறோமா?

டெல்லியிடம் உரிமையைக் கேட்போம். அதே குரலில் பங்குப் பேரவையிடமும் கேட்போம். சேரிக்காரரின் சவப்பெட்டி ஊர்த் தெரு வழியாகப் போகும்போது அதற்குத் தோள் கொடுப்பதுதான் இங்கே கிறிஸ்தவ அழைப்பு.